துப்பாக்கி யார் இடுப்பில்? பொறுப்பு யார் தலையில்?

"அண்ணே, நாமளும் லைசென்ஸ் போட்டு ஒரு துப்பாக்கி வாங்கி வச்சுக்கிட்டா என்ன? அவனுவ வீட்ல இருக்குல்லா?"

சாயர்புரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் சித்தி மகன் இதைக் கேட்டான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலை பார்ப்பவன். கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கேடிசி நகரில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட அந்த மென்பொருள் பொறியாளரின் ஊர் ஏரலுக்குப் பக்கத்து ஆறுமுகமங்கலம். எங்களுக்கு அது வெளியூர் இல்லை. பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர். குற்றம்சாட்டப்பட்ட இளைஞனின் தாயும் தகப்பனும் காவல்துறையில் உதவி ஆய்வாளர்கள். உடலை வாங்க மறுத்துக் குடும்பம் போராடிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

தம்பியின் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் என்ன ஆகிறது என்பதைத்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். அப்படியிருந்தும் வாயடைத்துப்போனேன். "வன்முறை தீர்வாகாதுடா" என்று எழுந்து வந்திருக்கலாம். முற்போக்கு மேடைகளில் அப்படிச் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் அந்த வாக்கியத்தை நம் பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள் யாரும், அடுத்த தெருப் பண்ணை வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்த்து அதைச் சொன்னதில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

உரிமம் எழுதும் கை

எங்கள் மாவட்டத்திலேயே பேர்போன மறைதுப்பாக்கி ஒன்று உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், மறைத்துவைத்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் கலெக்டர் ஆஷைச் சுட்டார் வாஞ்சிநாதன். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம், மிலேச்சர்கள் சனாதன தர்மத்தை மிதித்து அழிப்பதாகக் குமுறியது. இன்று அந்த நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி. சனாதனத்துக்காக மறைத்து எடுத்துப்போன துப்பாக்கிக்கு ஒரு ரயில் நிலையம் கிடைத்தது. சனாதனத்திடமிருந்து உயிரைக் காத்துக்கொள்ள ஒருவன் துப்பாக்கி கேட்டால், அவனுக்குக் காவல் நிலையத்தில் ஒரு கோப்பு திறக்கிறது.

ஆயுதம் யாரிடம் இருக்கலாம் என்பதை இந்த நாட்டில் முதலில் முடிவுசெய்தது வருணம். கீழே அழுத்தப்பட்டவர்கள் ஏன் இங்கே ஒரு சமூகப் புரட்சி செய்யவில்லை என்ற கேள்விக்கு, 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் தந்த விடை இதுதான்: சதுர்வருணம் அவர்களுக்கு ஆயுதத்தை மறுத்தது, ஆயுதம் இல்லாததால் கிளர்ந்தெழ முடியவில்லை. பிறகு வந்த வெள்ளையன், 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம் என்றான், ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தான். விடுதலைக்குப் பிறகு வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் நிறம் இல்லை, சாதியும் இல்லை. சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக்கூடாது என்றுகூட 14ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும். 18ஆம் பிரிவில் மேல்முறையீடும் உண்டு.

சட்டப் புத்தகம் அப்படி. அலுவலகம் எப்படி? என் சின்னையா ஒரு வன்கொடுமை வழக்கில் சாட்சி. சாட்சி சொன்னால் ஊர் திரும்ப மாட்டாய் என்று மிரட்டல் வந்தது. துப்பாக்கி உரிமத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "நெலம் எத்தன ஏக்கரு?" இரண்டாவது கேள்வி, "எந்தத் தெரு?" மூன்றாவது கேள்விக்கு அவர் அங்கே நிற்கவில்லை. விண்ணப்பமே வாங்கப்படாததால் மறுப்பு ஆணை இல்லை. மறுப்பு ஆணை இல்லாததால் மேல்முறையீடு இல்லை. வழக்கு முடியும்வரை அவர் பேருந்து நிறுத்தத்துக்கு வாழைத் தோப்பு வழியாகச் சுற்றித்தான் போய்வந்தார்.

ஒருவேளை விண்ணப்பத்தை வாங்கியிருந்தால்? மாவட்டங்களில் உரிமம் வழங்குபவர் ஆட்சியர். ஆனால் அவர் மேசைக்கு அறிக்கை போவது விண்ணப்பதாரரின் பகுதிக் காவல் நிலையத்திலிருந்து. இங்கேதான் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேலை செய்கிறது. அமைதி காப்பேன் என்று பிணைப்பத்திரம் எழுதித்தர ஆணையிடப்பட்டவர், அந்தப் பத்திரம் நடப்பில் இருக்கும் காலம் முழுக்க ஆயுதம் வைத்திருக்கக்கூடாது. பழைய 107, இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126. நம் தெருவில் அடி வாங்கியவன் புகார் கொடுக்கப் போனால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 'இரு தரப்பு மோதல்' என்று எழுதி, இரண்டு பக்கமும் 107 போடுவார்கள். கூடவே ஓர் எதிர்வழக்கு. அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே காகிதம். துப்பாக்கி ஏற்கனவே வீட்டில் இருப்பவனுக்காக எம்எல்ஏ ஒரு தொலைபேசி அழைப்பில் பேசிவிடுவார். புதிதாகக் கேட்பவனுக்கு அந்தக் காகிதமே கதவைச் சாத்திவிடும். சட்டத்தில் சாதி இல்லை, அது அறிக்கையில் இருக்கிறது.

இது நம் நாட்டுக் கூத்து மட்டுமில்லை. 1956 ஜனவரியில் அலபாமாவின் மாண்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. அதன் பிறகு அவர் மறைதுப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். உலகமே அகிம்சைக்கு உதாரணமாகச் சொல்லும் அதே கிங்தான். உயிருக்கு ஆபத்து இருப்பதற்கு அவரைவிட யாரால் சான்று காட்ட முடியும்? மறுத்துவிட்டார்கள். உரிமம் தருவதும் மறுப்பதும் உள்ளூர் அதிகாரியின் விருப்பம் என்று சட்டம் விட்டிருந்தது. அந்த அதிகாரியின் விருப்பம் எந்த நிறம் என்று சொல்லத் தேவையில்லை.

இடுப்பில் ஏறும் பொறுப்பு

சரி, கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தம்பி, இந்தப் பகுதியை நிதானமாகப் படி. ரீல்ஸில் துப்பாக்கி தூக்குபவன் எவனும் இதைச் சொல்ல மாட்டான்.

21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உயிருக்கோ உடைமைக்கோ உண்மையான ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற வேண்டும். பொது இடத்தில் எடுத்துச்சென்றால் கைத்துப்பாக்கி உறையில் இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், உன் கட்டுப்பாட்டை விட்டு அகலக்கூடாது. ஆம், இந்தியாவில் சட்டமே துப்பாக்கியை மறைத்துத்தான் எடுத்துச்செல்லச் சொல்கிறது. வெளியே எடுத்துக் காட்டி மிரட்டினால், பொது இடத்தில் வெடித்தால், உரிமமே போகும். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் 2019 திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும். தொலைந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள். உரிமத்தின் நிபந்தனையை மீறினால் அதற்குத் தனித் தண்டனை.

உரிமமே இல்லாமல் வைத்திருந்தால்? குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு. அதோடு நிற்காது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். நம் பையன் ஒருவன் இடுப்பில் நாட்டுத் துப்பாக்கி இருந்தது என்ற ஒரு வரி போதும். அந்தத் தெருவின் எல்லாப் புகார்களும் அன்றே செத்துவிடும். ஆதிக்க சாதிக்கு இதைவிடப் பெரிய பரிசை நம்மால் கொடுக்க முடியாது.

எல்லாம் முறையாக இருந்து, ஒருநாள் சுடவும் நேர்ந்தது என்று வை. அப்போது நீ பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளுக்குள் நிற்கிறாய். தற்காப்பு உரிமை உண்டு. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவனைக் கொல்லும் அளவுக்கும் அது நீளும். ஆனால் அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்திருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் ஒரு அடி கூடினாலும் இல்லை. அச்சம் விலகிய நொடியில் உரிமையும் விலகிவிடும். ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. தற்காப்புக்காகத்தான் சுட்டேன் என்று காட்டும் பொறுப்பும் சுட்டவன் தலையில்.

'அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்ததா?' இந்தக் கேள்வியை நம் தெருவில் நின்று கேட்டுப் பாருங்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் வீடு வீடாகப் புகுந்து சூறையாடியது யார்? காவல்துறை. பரமக்குடியில் 2011 செப்டம்பர் 11 அன்று சுட்டது யார்? காவல்துறை. சாதிக் கணக்கை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இதே தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட்டை எதிர்த்துப் போன மக்களில் 13 பேர் உயிரைக் குடித்தது அரசுத் துப்பாக்கி. பாதுகாப்புக்காக ஓடிப்போகச் சொல்லும் வாசலில் நிற்பது இந்தத் துப்பாக்கிதான். நாளை நீதிமன்றம் உன்னிடம், "ஏன் காவல் நிலையத்துக்குப் போகவில்லை?" என்று கேட்கும். "போனோம், 107 போட்டார்கள்" என்ற பதில் எந்தப் பிரிவிலும் அடங்காது.

அரிவாளுக்கு உரிமம் தேவையில்லை

இன்னொரு உண்மையையும் பேச வேண்டும். தென்மாவட்டங்களில் சாதி கொல்லும் ஆயுதம் பெரும்பாலும் அரிவாள். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் என்று செய்த கத்திகளுக்கு ஆயுதச் சட்டத்தில் உரிமம் வேண்டியதில்லை. வாழைத்தார் வெட்டும் அரிவாளும் கழுத்தை வெட்டும் அரிவாளும் ஒரே பட்டறையில்தான் அடிக்கப்படுகின்றன.

2025 மார்ச்சில் திருவைகுண்டம் பக்கத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனின் விரல்களை வெட்டினார்கள். ஒரு கபடிப் போட்டியில் ஜெயித்தது அவன் செய்த குற்றம். அவன் கையில் துப்பாக்கி இருந்திருக்க வேண்டும் என்றா சொல்வோம்? 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் மதுரையிலிருந்து திரும்பும் வழியில் பேருந்தை மறித்து வெட்டப்பட்டார்கள். ஒரு கும்பல் பேருந்தைச் சூழ்ந்தபின் இடுப்பில் இருக்கும் ஒரு துப்பாக்கி என்ன செய்துவிடும்? கவினை அழைத்துப்போனவன் பகைவனாக வரவில்லை, தெரிந்தவனாக வந்தான்.

ஆகவே தம்பி, என் முதல் பதில் இது: உன் இடுப்பில் ஒரு துப்பாக்கி இருந்தால் உன் பயம் கொஞ்சம் குறையலாம். உன் ஆபத்து குறையாது. அதன் சட்டச் சுமை முழுக்க உன் தலையில் ஏறும், காவல் நிலையம் உன்னைப் பார்க்கும் பார்வை இன்னும் கூர்மையாகும்.

யாரும் படிக்காத விதி

ஆனால் என் பதில் இதோடு முடிந்தால், நானும் அந்தக் கைதட்டல் மேடையில் ஏறியவன் ஆகிவிடுவேன். பாதுகாப்பு என்ற பொறுப்பு முதலில் யாருடையது என்பதைச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது.

1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆம் விதியை எடுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடும், அல்லது மீண்டும் நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அந்தப் பகுதிகளில், தேவை எனக் கருதினால், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடையதை மட்டுமா? நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் உரிமத்தையும்தான். இந்த வரியை எழுதியவருக்கு நம் ஊர் தெரிந்திருக்கிறது. மாமன் பெயரில் உரிமம் இருக்கும், துப்பாக்கி மச்சான் வீட்டில் இருக்கும். அடுத்து, சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கும் அடுத்து, உயிரையும் உடைமையையும் காக்கத் தேவை எனக் கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும்.

ஆம் தோழர்களே, இது ஏதோ தீவிரவாதத் துண்டறிக்கை இல்லை. ஒன்றிய அரசின் விதி. 30 ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருக்கிறது. "தலித்துகளுக்குத் துப்பாக்கியா? உள்நாட்டுப் போரை மூட்டவா பார்க்கிறீர்கள்?" என்று பதறும் நடுநிலைக் கனவான்கள் இதைப் படித்ததில்லை. ஒரு தரப்பிடம் மட்டும் துப்பாக்கி இருந்த காலத்தில் என்ன நடந்தது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். 1997 டிசம்பர் 1 அன்று பிகாரின் லட்சுமண்பூர் பாதேயில் ரன்வீர் சேனை 58 பேரைச் சுட்டுக் கொன்றது. 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் விடுவித்தது. அதை யாரும் உள்நாட்டுப் போர் என்று சொல்லவில்லை. 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை' என்றார்கள்.

அந்த விதியின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவர்களிடம் இருப்பதை வாங்கு. இரண்டாவது, கள்ளத்தனமாக இருப்பதைப் பிடி. கடைசியாகத்தான் எங்களுக்குக் கொடு. நம் கோரிக்கையின் வரிசையும் இதுவாகவே இருக்கட்டும். எங்கள் தெருவில் இன்னொரு துப்பாக்கி வருவதைவிட, அவர்கள் கூடத்துச் சுவரில் தொங்குவது கிடங்குக்குப் போவது மேல். அதைச் செய்ய அரசுக்குத் துணிவில்லை என்றால், மூன்றாவது வரியைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. முதல் வரியையும் நிறைவேற்றாமல், கடைசி வரியைக் கேட்பவனையும் ரவுடிப் பட்டியலில் சேர்ப்பதற்குப் பெயர் அமைதி காப்பது இல்லை, பக்கம் சேர்வது.

'தேவை எனக் கருதினால்' என்ற மூன்று சொல்லில்தான் விதி முழுக்கத் தூங்குகிறது. யார் கருத வேண்டும்? அரசு. எப்போது கருதும்? கேட்டால்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு கூட வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், முதலமைச்சர் தலைமையில் மாநிலக் குழு கூட வேண்டும். 2016 முதல் நடைமுறையில் இருக்கும் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாப்பது அரசின் கடமை என்கிறது. என் சின்னையா வாழைத் தோப்பில் சுற்றிப்போனது, இந்த எல்லா வரிகளும் தூங்கிக்கொண்டிருந்ததால்தான்.

10 ரூபாய்க்கு ஓர் ஆயுதம்

தம்பியிடம் போன வாரம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து உட்காரவைத்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்விகள் நான்கு.

நம் மாவட்டத்தில் 3ஆம் விதியின்படி அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை? அந்தப் பகுதிகளில் நடப்பில் உள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை, அவற்றில் இந்த விதியின் கீழ் இதுவரை ரத்தானவை எத்தனை? அதே விதியின் கீழ் பட்டியல் சாதியினருக்கு வழங்கியவை எத்தனை, மறுத்தவை எத்தனை, எழுத்தில் தந்த காரணங்கள் என்ன? கடந்த 5 ஆண்டுகளில் மாவட்டக் கண்காணிப்புக் குழு கூடிய தேதிகள் எவை?

பெயர் கேட்கவில்லை, முகவரி கேட்கவில்லை. எண்ணிக்கையும் தேதியும்தான். நீங்கள் எந்த மாவட்டமோ அந்த மாவட்டப் பெயரைப் போட்டு இதையே அனுப்புங்கள். பதில் வந்தால் அது நம் அடுத்த போராட்டத்தின் முதல் பக்கம். வராவிட்டால் மேல்முறையீட்டின் முதல் பக்கம். உயிருக்கு மிரட்டல் உள்ள சாட்சிகளும் ஊராட்சித் தலைவர்களும் உரிமத்துக்கான விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "நெலம் எத்தன ஏக்கரு?" என்று வாயால் கேட்டு அனுப்பிவிட முடியாது. மறுப்பதானால் எழுதி மறுக்கட்டும். அந்த எழுத்து நமக்கு வேண்டும்.

எழுதி முடித்துவிட்டுத் தம்பி கேட்டான்: "அண்ணே, ஒருவேளை நெசமாவே லைசென்ஸ் குடுத்துட்டா?"

"வாங்குறதும் வேண்டாங்குறதும் அப்போ நம்ம கையில இருக்கும்டா" என்றேன்.

துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு விருப்பம்தான். ஆனால் அதை நான் சொல்ல வேண்டும். என்னிடம் அதைச் சொல்ல வருகிறவர்கள், முதலில் அந்தக் கூடத்துச் சுவரில் தொங்குவதை இறக்கிவிட்டு வரட்டும்.